மூன்று அங்குலத்தில் வாங்கிய மீன் மூன்றடி ஆகும்போது

"மீன் சாப்பிடாமல் மூலையிலேயே கிடக்கிறது, என்ன மருந்து ஊற்றலாம்?" என்று கேட்டுத்தான் பலரும் என்னிடம் வருகிறார்கள். மருந்துக்கு முன் நான் கேட்பது இரண்டு அளவுகள்: மீன் எத்தனை அடி நீளம், தொட்டி எத்தனை அடி அகலம்? சிகிச்சைக்கு வரும் பெரிய நன்னீர் மீன்களில் பலவற்றுக்குக் கிருமி இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் தொட்டி.

ரெட் டெயில் கேட்ஃபிஷ் குஞ்சு விரல் நீளத்தில் மீசையோடு அழகாக இருக்கும். அமேசான் ஆற்று மீன் அது. நன்றாகச் சாப்பிட்டால் ஓராண்டிலேயே ஓரடியைத் தாண்டும். முழு வளர்ச்சியில் ஒரு மீட்டருக்கு மேல், 40 கிலோவுக்கு மேல் போகும். 'ஷார்க்' என்று விற்கப்படும் பங்காசியஸ் சுறாவே அல்ல, மீகாங் ஆற்றில் வலசை போகும் கெளுத்தி இனம். அது 130 செ.மீ. வரை வளரும். அலிகேட்டர் கார் (gar) என்ற மீன் இரண்டு மீட்டரைத் தாண்டும், 50 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். வாங்குகிறவரின் பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போன பிறகும் அந்த மீனுக்கு இரை போட்டாக வேண்டும்.

"தொட்டிக்கு ஏற்ற அளவுதான் மீன் வளரும்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இதை நம்பி வாங்கியவர்களின் மீன்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சின்னத் தொட்டியில் வளர்ச்சி குறைவது உண்மை. ஆனால் கழிவு தேங்கிய நீர், மன அழுத்தம், அசைய இடமில்லாத உடல் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. முதுகெலும்பு வளைகிறது, செவுள் மூடி சுருள்கிறது, ஆயுள் குறைகிறது. அந்த மீன் தொட்டிக்குப் பழகிவிடவில்லை, நோயோடு இருக்கிறது.

எல்லோரும் லிட்டரைக் கேட்கிறார்கள்; அகலத்தை யாரும் கேட்பதில்லை. மீன் உடலை மடக்காமல் திரும்ப வேண்டும் என்றால் தொட்டியின் அகலம் மீனின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும் என்பது என் கணக்கு. நீளம் ஆறு மடங்கு. ஒரு மீட்டர் மீனுக்கு 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்தால் 9,000 லிட்டர். தண்ணீர் மட்டுமே 9 டன்! எந்த வீட்டுக் கூடத்தின் தளம் இதைத் தாங்கும்? அலிகேட்டர் காருக்கு இன்னும் கஷ்டம். அதன் செதில்கள் கவசம்போல இறுகிப் பின்னியிருப்பதால் உடலை அதிகம் வளைக்க முடியாது. குறுகிய தொட்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்கு கண்ணாடியில் இடிக்கும். பங்காசியஸோ பயந்த சுபாவம். இருட்டில் திடீரென்று விளக்கைப் போட்டால் பாய்ந்துபோய் மோதும். மூக்கில் ஆறாத புண்ணோடு வரும் மீனுக்கு நான் மருந்து போடலாம்தான், மறுநாளும் அதே இடத்தில் இடிக்குமே.

அப்புறம் தண்ணீர். புரதம் மிகுந்த இரை செரிக்கும்போது மீன் செவுள் வழியாக அம்மோனியா என்ற நச்சை வெளியேற்றுகிறது. ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். மின்சாரம் போய் ஃபில்டர் நின்றால், பெரிய மீன் இருக்கும் தொட்டியில் நிலைமை வேகமாகக் கெடும். இதில் கார் மீனும், அமேசானின் பெரிய மீனான அராபைமாவும் நம்மை ஏமாற்றிவிடும். இரண்டும் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை. ஆக்ஸிஜன் குறைந்தால் மற்ற மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிக்கும். இவை இயல்பாக இருப்பதுபோலவே தெரியும். அதனால் இவற்றை வளர்ப்பவர் மீனைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையும் எளிதல்ல. மூன்றடி மீனைக் கைவலையில் பிடிக்க முடியாது. கேட்ஃபிஷின் துடுப்பு முள் வலையில் சிக்கும், கையைக் கிழிக்கும். ரெட் டெயில் கூழாங்கல், தெர்மாமீட்டர், கூட இருக்கும் மீன் என்று வாய்க்கு அடங்கும் எதையும் விழுங்கும். மயக்க மருந்து கலந்த நீரில் மீனை வைத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

இடம் போதாமல் போனபின் "யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்பார்கள். வாங்கிக்கொள்ள ஆள் அநேகமாகக் கிடைக்காது. பொதுக் காட்சியகங்களிலும் இடம் குறைவு. அப்போதுதான் சிலர் இரவோடு இரவாக ஏரியில் விடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிழைத்தால் அங்குள்ள மீன்களைத் தின்னும், பிழைக்காவிட்டால் பட்டினியில் சாகும். 'டேங்க் கிளீனர்' என்று வாங்கப்படும் சக்கர் மீன்கூட அரையடியில் நிற்பதில்லை. வெளியே விடப்பட்ட இடங்களில் கரையைத் துளைத்துப் பெருகுகிறது.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இன்றே சிலவற்றைச் செய்யலாம். வளர்ந்த மீனுக்குத் தினமும் இரை வேண்டாம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். விழுங்கக்கூடிய கற்களை எடுத்துவிடுங்கள். ஹீட்டருக்குக் காப்புக் கூண்டு போடுங்கள். தொட்டி மூடியை இறுக்குங்கள், அரோவானா மீன் தாவும். பெரிய இடம் கிடைத்து மீனை மாற்றுவதாக இருந்தால், அதற்கு இரண்டு நாள் முன்பே இரையை நிறுத்துங்கள். வழியில் கக்கினால் கொண்டுபோகும் நீர் கெட்டு, மீன் போய்ச் சேரும் முன்பே மூச்சுத் திணறும்.