மனச்சிதைவு உள்ளவர் கார் ஓட்டலாமா?

"தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான், வேலைக்கும் போகிறான். கார் ஓட்ட விடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நோயின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தம்பியின் மூளை இப்போது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்றதும் காதில் கேட்கும் குரல்களும் ஆதாரமில்லாத சந்தேகங்களும்தான் நினைவுக்கு வரும். அவை தீவிரமாக இருக்கும்போது ஓட்டவே கூடாது. பின்னால் வரும் வண்டி தன்னைத் துரத்துகிறது என்று உறுதியாக நம்புகிறவர் அதற்கேற்பத்தான் வேகம் எடுப்பார். ஆனால் குரல்கள் அடங்கிய பிறகும் பலரிடம் சில குறைகள் தங்கிவிடுகின்றன. கவனம் சிதறும், பார்த்ததைப் புரிந்து முடிவெடுக்க நேரமாகும். இன்னொன்று கண்ணில் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

ஒரு விரலை முகத்துக்கு முன்னால் மெதுவாக நகர்த்தி, தலையை அசைக்காமல் கண்ணால் பின்தொடருங்கள். கண் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது விரலை எடுத்துவிட்டு அதே மாதிரி கண்ணை நகர்த்திப் பாருங்கள். வழுக்காது, சின்னச் சின்னதாகத் தாவும். பின்தொடர ஏதாவது நகர்ந்தால்தான் அந்த வழுக்கல் வரும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. காட்சி மூளைக்குப் போய், கண் தசைக்குக் கட்டளை வருவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி கழிந்துவிடும். அதற்குள் விரல் நகர்ந்திருக்கும். அப்படியானால் கண் எப்போதும் பின்தங்கித்தானே இருக்க வேண்டும்? இருப்பதில்லை. விரல் அடுத்து எங்கே போகும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக் கண்ணை ஓட்டுகிறது. விரல் ஒரு கணம் மறைந்தால்கூட கண் அந்தக் கணிப்பின் பலத்தில் கொஞ்ச தூரம் ஓடும்!

1908-ல் டீஃபன்டார்ஃப், டாட்ஜ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கண்ணசைவைப் படமாகப் பதிவு செய்து, ஆடும் ஊசலைத் தொடர்வதில் இந்த நோயாளிகளின் கண் தடுமாறுவதைக் கண்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பு நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. 1973-ல் உளவியலாளர் பிலிப் ஹோல்ஸ்மன் குழு அதை மீட்டெடுத்தது. கண் பின்தங்குகிறது, பிறகு ஒரு தாவலில் எட்டிப் பிடிக்கிறது. தாவும் அந்தச் சில பத்து மில்லிநொடிகளில் பார்வை மங்கிவிடும். பொருளைச் சற்று மறைத்தால் இவர்கள் கண் மற்றவர்களைவிட அதிகமாகத் தளர்கிறது. தசையில் பழுதில்லை, கணிப்புதான் பலவீனம்.

இதை வைத்து யாரையும் மோசமான ஓட்டுநர் என்று சொல்லிவிட முடியாது. நோயே வராத உடன்பிறந்தவர்கள் சிலரிடமும் இதே தடுமாற்றம் உண்டு. ஆனாலும் சாலையில் தாமதத்துக்கு விலை இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் கடக்கிறோம். அரை நொடி தாமதமாக பிரேக் போட்டால் வண்டி 8 மீட்டர் கூடுதலாக முன்னேறியிருக்கும்.

அப்புறம் மருந்து. இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை, மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, அடைக்கின்றன. அடைப்பு 80 சதவீதத்தைத் தாண்டினால் பலருக்கு உடல் விறைப்பும் மந்தமும் வருகின்றன. சிலவற்றில் தூக்கக்கலக்கம் அதிகம். அதற்காக மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், அது இன்னும் பெரிய ஆபத்து.

பிரிட்டனில் நோய் தீவிரமாக இருக்கும்போது ஓட்டுவதை நிறுத்த வேண்டும். குறைந்தது 3 மாதம் உடல்நிலை சீராக இருந்து, மருந்தையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டால் மறுபடி கார் ஓட்ட வழி உண்டு. பேருந்து, லாரி என்றால் 12 மாதம். நியாயமான அணுகுமுறை என்றே நினைக்கிறேன். ஆனால் மாதக்கணக்கு மட்டும் போதாது. புது மருந்துகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது, ஒருவர் பாதுகாப்பாக ஓட்டுவாரா என்று அளந்து சொல்லும் எளிய சோதனைகளுக்கு ஒதுக்க வேண்டும். வேலைக்கும் மருத்துவமனைக்கும் தானே போய்வர முடிவது சாதாரண விஷயமா?

சரி, தம்பிக்கு என்ன செய்யலாம்? மருந்தோ அளவோ மாறிய புதிதில் ஓட்ட வேண்டாம். தூங்காத இரவுக்கு மறுநாளும் வேண்டாம். மருத்துவரிடம் கார் ஓட்டுவதைப் பற்றி நீங்களாகவே பேச்சை எடுங்கள். அவர் சரி என்றால், பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நெரிசலான சாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.