ஊதாதீங்க, இழுங்க!

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன். நர்ஸ் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார். எவ்வளவு ஊதினாலும் பந்து அசையவில்லை. நுரையீரலில் தெம்பு இல்லையா?"

அது ஊதுகிற கருவியே இல்லை. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். முதல் பந்து எழும்ப நொடிக்கு 600 மில்லி காற்று. அடுத்ததற்கு 900, மூன்றாவதற்கு 1200.

ஏன் உள்ளே? காய்கறிக் கடை கேரி பை ஈரமானால் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிக்க வராது, பார்த்திருப்பீர்கள். நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உள்ளே ஈரம். அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சோப்பு மாதிரி ஒரு பொருள் உள்சுவரில் பூசியிருக்கிறது. அந்தப் பூச்சைப் புதுப்பிப்பது எது தெரியுமா? பெருமூச்சு! கவலையே இல்லாத ஆளும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை தன்னை அறியாமல் பெருமூச்சு விடுகிறார். அப்போது பைகள் நன்றாக விரியும். சுவரில் உள்ள செல்கள் இழுபட்டுப் புதிதாகப் பூச்சைச் சுரக்கும். எனக்கு இதைவிட அழகான பராமரிப்பு ஏற்பாடு தெரியாது.

தையல் வலியிலும் வலி மருந்தின் மயக்கத்திலும் அந்தப் பெருமூச்சு நின்றுபோகிறது. அடிப்பக்கப் பைகள் சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரலாம். ஊதினால் நுரையீரல் இன்னும் சுருங்கும். இழுத்து மூன்று நொடி பிடித்தால், பைகளுக்கு நடுவே உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று கசிந்து மூடிய பைகளும் திறக்கும்.

டப்பா மட்டும் காப்பாற்றும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான சான்று கிடையாது. மூச்சுப் பயிற்சியை நேரில் சொல்லிக்கொடுப்பதற்குச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 441 மேல்வயிற்று ஆபரேஷன் நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு தரப்புக்குக் கையேடு மட்டும். இன்னொரு தரப்புக்கு அதோடு, ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்தார். இவர்களுக்கு நுரையீரல் சிக்கல் பாதியாகக் குறைந்தது. அரை மணி நேரப் பேச்சை டப்பாவில் அடைத்து விற்க முடியாது. அதனால்தான் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் போட ஆள் குறைவு என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம், பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்னபிறகு தாராளமாகக் கொடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். இருமும்போது தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்பா மூன்றாவது பந்தைத் துரத்த வேண்டாம். முதல் பந்தை மெதுவாக எழுப்பி, அங்கேயே நிறுத்திவைத்தால் போதும்.