வலி மாத்திரை கேட்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்

புதுவண்ணாரப்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர், ஒரு ஞாயிறு காலை, கட்டைவிரலில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பிளாஸ்திரி ஒண்ணு குடு தம்பி. அருவாமனை பட்டுடுச்சு."

துணியைப் பிரித்தால் அரை நகம் நீளம்கூட இல்லாத காயம். ஆனால் வெட்டுப்பட்டு ஒரு மணி நேரமாகியும் ரத்தம் சொட்டுகிறது. பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன். எடுத்தால் மறுபடியும் கசிகிறது.

"வேற மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களாக்கா?"

"வால்வு ஆபரேஷன் பண்ணதுக்கு ஒண்ணு போடுறேன். அது எப்பவும் போடுறதுதானே."

எப்பவும் போடுவதால் அது அவருக்கு மருந்துக் கணக்கிலேயே இல்லை. ரத்தம் உறைவதை மட்டுப்படுத்தும் அசினோகுமரால் மாத்திரை அது. மெள்ளக் கேட்டதில் மற்றதும் வந்தது. ஐந்து நாளாக வயிற்றுப்போக்குக்குப் பக்கத்து வீட்டில் மிஞ்சிய மெட்ரோனிடசோல், இடுப்பு வலிக்கு இரண்டு வேளை டைக்ளோஃபெனாக். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைக் கடைசியாகப் பார்த்தது மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால். எண் கூடினால் உறைவது தாமதமாகிறது என்று பொருள். ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஐ.என்.ஆர். 6.8. அவர் இதயத்தில் வைத்திருக்கும் மைட்ரல் உலோக வால்வுக்கு வழக்கமாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

'ரத்தத்தை மெலிசாக்குற மாத்திரை' என்கிறோம். ரத்தம் ஒன்றும் மெலிசாவதில்லை. கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு உறைதல் புரதங்களைச் செய்கிறது. அந்த வேலையை மாத்திரை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். இதன் அண்ணன் வார்ஃபரின், 1948-ல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. இதைச் சொன்னால் பயந்து நிறுத்திவிடுவார்கள் என்று கடையில் சொல்வதில்லை!

அசினோகுமரால் உடம்பில் சிதைவதை மெட்ரோனிடசோல் தாமதப்படுத்தும். அதே அளவு போட்டாலும் கூடுதலாகப் போட்ட மாதிரி ஆகிவிடும். டைக்ளோஃபெனாக் வயிற்றின் உள்சுவரைப் புண்ணாக்கி, காயத்தை அடைக்கும் ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் விரலில் வந்தது வயிற்றுக்குள் வந்திருக்கும். கறுப்பாக, தார் மாதிரி மலம் போனாலோ தலையில் அடிபட்டாலோ காத்திருக்கக் கூடாது. வலிக்கு என்றால் பாராசிட்டமால் பரவாயில்லை. அதையும் நாள் கணக்கில் தொடர்வதானால் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

ரத்தம் வந்ததும் "இனிமே அந்த மாத்திரையே வேணாம்" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் எனக்கு இன்னும் பெரிய கவலை. பல் பிடுங்கப் போகிறோம் என்று தாங்களாகவே நான்கு நாள் நிறுத்துவார்கள். வால்வில் ரத்தம் கட்டியாக உறைந்தால் அது மூளைக்குப் போகலாம். வாய் கோணும், கை விழும். ரத்தம் உறைவதைத் தடுக்கப் புதிதாக வந்திருக்கும் ரிவராக்சபான், அபிக்சபான் மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை கூடாது. அசினோகுமராலை ஒரு வேளை போட மறந்தால், அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

கீரையை விட்டுவிடச் சொல்வார்கள். அது தேவையில்லை. வாரம் ஒரு நாள் முருங்கைக்கீரை என்றால் எப்போதும் அப்படியே இருக்கட்டும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் தினமும் பொரியல் என்றால்தான் ஐ.என்.ஆர். ஆடும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மாதவிலக்கில் அதிகம் போகிறது என்று டிரானெக்சாமிக் ஆசிட் கேட்டுப் பெண்கள் வருகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் உறைந்த கட்டி கரையாமல் காக்கும் மருந்து. காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் சீட்டு கேட்கிறேன், கோபித்துக்கொள்கிறார்கள்.

அந்த அக்கா இப்போது ஐ.என்.ஆர். எழுதி வைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் சளிக்கு மாத்திரை கேட்க வந்தவர், முதலில் அதைத்தான் மேசையில் வைத்தார். கடைசி வரியில் 2.9.