ஓட்டத்துக்கு முன்னால் போடுகிற அந்த ஒரு மாத்திரை

அவர் ஓடியது ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர், 46 வயது, சர்க்கரை கிடையாது, பிபி கிடையாது, மூன்று வருடமாக ஊர் ரன்னிங் கிளப்பில் இருக்கிறார், விடிகாலை நாலரைக்கு எழுந்து ஓடிவிட்டு அப்புறம்தான் தறிக்குடோனுக்குப் போவார். கோவையில் நடந்த ஒரு 21 கிலோமீட்டர் ஓட்டத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்து மெடலும் வாங்கியிருந்தார். “ரெண்டு நாளா சோத்தப் பாத்தாலே கொமட்டுதுங்க டாக்டர், வேற ஒண்ணுமில்லீங்க” என்றார். ஒன்றுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். “ஞாயித்துக்கெழம கொஞ்சம் போச்சுங்க, வரக்காப்பியாட்டம் இருந்துச்சு. ஒடம்பு சூடுன்னு நெனச்சுத் தோட்டத்து எளநியா ஆறு வெட்டிக் குடிச்சேனுங்க.”

மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்றால் இல்லை என்றுதான் சொன்னார். முழங்கால் பற்றிப் பேச்செடுத்த பிறகுதான் பர்ஸுக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டை வந்தது. டைக்ளோஃபெனாக், வலி மாத்திரை. பத்தில் நாலு குழி காலி. முந்தின நாள் ராத்திரி ஒன்று, ஓட்டத்துக்குக் கிளம்பும்போது ஒன்று, 14ஆவது கிலோமீட்டரில் வலி திரும்பவும் பிடித்தபோது ஒன்று, வீட்டுக்கு வந்து படுக்கும்போது ஒன்று. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினின் 4.2. ஆறு மாதம் முன்னால் எடுத்த செக்கப்பில் அது 0.9. பொட்டாசியம் 6.2, அது 5 வரைக்கும்தான் இருக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்ல பானம்தான், ஆனால் சிறுநீரகம் வேலையை நிறுத்தியிருக்கும் நேரத்தில் அந்தப் பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

என்ன நடந்தது என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குத்தான் போகிறது. ஓட ஆரம்பித்ததும் காலும் தோலும் ரத்தத்தை முதலில் பிடித்துக்கொள்ள, சிறுநீரகம் கடைமடை வயல் மாதிரி ஆகிவிடுகிறது. வியர்த்து உடம்பில் நீர் குறையக் குறைய இன்னும் மோசம். அப்போது சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, தனக்கு வரும் ரத்தக்குழாயின் மடையைக் கொஞ்சம் அகலத் திறந்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் எல்லாம் வலியைக் குறைப்பதே இந்தப் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான். அதனால் முழங்கால் வலி அடங்குகிற அதே நேரத்தில் மடையும் அடைபடுகிறது. கூடவே வலி தெரியாமல் வருத்தி ஓடியதில் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தின் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கிறது. வரக்காப்பி நிறம் அதனுடையதுதான்.

டைக்ளோஃபெனாக்கின் இன்னொரு கதை நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் பாறு கழுகுகள் மிச்சமிருக்கின்றன. இந்தியா முழுக்க அவை கூட்டம் கூட்டமாகச் செத்ததற்கு முக்கியக் காரணம், மாட்டுக்குப் போட்ட இந்த மருந்துதான். செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைகளுக்கு இதைத் தடை செய்தார்கள். 2023இல் அசெக்ளோஃபெனாக்குக்கும் தடை வந்தது, காரணம் அது மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. மனிதனுடைய சிறுநீரகம் கழுகினுடையதைவிட ரொம்பத் தாங்கும், பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் மாத்திரை எந்த உறுப்பைத் தொடுகிறது என்பது ஒன்றுதான்.

ஒரே ஒரு மாத்திரை போட்டு ஓடுகிற பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, அதனால்தான் இந்தப் பழக்கம் கிளப்புக்குக் கிளப்பு பரவுகிறது. “நான் போட்டுட்டுத்தான் ஓடினேன், ஒண்ணும் ஆகலை, நீயும் போடு” என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதுகிறார். அவருக்கு ஆகவில்லை, சரி. அன்றைக்கு வயிற்றுப்போக்கோ லேசான காய்ச்சலோ இருந்திருந்தால்? இன்னொருவர் பிபிக்கு டெல்மிசார்டானும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால்? அந்த இரண்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்தை மூன்று பக்கமும் பிடித்து நெரிப்பது போல. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் நமக்கு வியர்ப்பதே தெரியாது, காற்று உடனுக்குடன் காயவைத்துவிடும். எவ்வளவு நீர் போனது என்று பனியனைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, அப்போ நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மாத்திரை போடலாமா என்று உடனே கேட்கிறார்கள். வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, ஆபத்தான அளவுக்குக் கீழே குறைந்திருந்தது, அதற்கு முக்கியக் காரணம் அளவுக்கு மீறிக் குடித்ததுதான். வலி மாத்திரை, உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும், ஆக அந்தப் பக்கமும் ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று கட்டாயமாகக் குடிக்க வேண்டியதில்லை.

நம்மவருக்கு டயாலிசிஸ் தேவைப்படவில்லை. எட்டு நாள் சலைனும் ரத்தப் பரிசோதனையுமாகப் போனது, கிரியேட்டினின் 1.1க்கு வர இன்னும் ஐந்து வாரம். அந்த எட்டு நாளும் அவர் வீட்டம்மா தறிக்குடோனையும் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில் வந்து போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற வலி இருந்தால் அந்த வாரம் ஓடாதீர்கள், பிப்புக்கு, அதாவது நெஞ்சில் குத்தும் ஓட்ட நம்பருக்கு, கட்டிய காசு போகட்டும். ஓடி முடித்த பிறகும் நன்றாகக் குடித்து, சாப்பிட்டு, ஒன்றுக்கு வெளிர் நிறமாகப் போகும் வரை இந்த மாத்திரைகளைத் தொடாதீர்கள். கறுத்துப் போனாலோ, ஆறேழு மணி நேரம் போகவே இல்லை என்றாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், இளநீர் வெட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.