டைப்-சி இருந்தால் படம் வந்துவிடுமா?

புது மானிட்டரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு எங்கள் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மானிட்டரில் பழுதே இருக்காது. போன மாதம் ஒரு தம்பி வந்தார். லேப்டாப்பிலும் டைப்-சி, மானிட்டரிலும் டைப்-சி, மாட்டினால் 'நோ சிக்னல்'. தள்ளுபடியில் வாங்கியது, திருப்பி அனுப்பும் கெடுவும் தாண்டிவிட்டது.

டைப்-சி என்பது அந்த வாயின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். அதன் வழியே நேரடியாகப் படம் போக வேண்டுமென்றால் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி லேப்டாப்பில் இருக்க வேண்டும், விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் அது இருக்காது, ஃபைல் மாற்ற மட்டும்தான் அந்த ஓட்டை. பக்கத்தில் டி, பி எழுத்துகள் பின்னிய குட்டி லோகோவோ, நுனியில் அம்பு வைத்த மின்னலோ (தண்டர்போல்ட்) இருந்தால் நம்பலாம். ஒன்றும் இல்லையா, உடனே கைவிட வேண்டாம், லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து கம்பெனி தளத்தில் பாருங்கள். அப்புறம் கேபிள். போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 ரகம், சார்ஜ் ஏறும், படம் வராது. தம்பியின் லேப்டாப்பில் ஆல்ட் மோட் இல்லை. நல்லவேளை எச்டிஎம்ஐ இருந்தது, அதில் மாட்டிக் கொடுத்தேன். ஒரே கேபிளில் படமும் சார்ஜும் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியது மட்டும் வீண்.

எச்டிஎம்ஐ இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஆடிட்டர் ஒருவர் 27 அங்குல 4கே (3840×2160 பிக்சல்) மானிட்டர் வாங்கிவிட்டு, "மவுஸ் இழுத்து இழுத்து வருது, வைரஸா பாருங்க" என்றார். வைரஸ் எல்லாம் இல்லை. அவருடைய பழைய லேப்டாப்பில் இருந்தது எச்டிஎம்ஐ 1.4, அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்பாது. 60 வேண்டுமென்றால் கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றும் 2.0-வாவது இருக்க வேண்டும். கடைசியில் 2560×1440-க்கு இறக்கி 60 ஹெர்ட்ஸில் வைத்தோம்.

அதற்காக 27 அங்குலத்தில் சாதா ஃபுல் எச்டி (1920×1080) வாங்கச் சொல்ல மாட்டேன். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் கிடைக்கும், நாள் முழுக்கத் தமிழ் டைப் செய்கிறவர்களுக்கு ஞ, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் சின்ன அளவில் மொழுமொழுவென்று தெரியும். ஃபுல் எச்டி என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்துங்கள், 27 என்றால் 2560×1440 எடுங்கள். என் கண்ணுக்கு இதுதான் சரி.

மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் இரண்டு மானிட்டர் வாங்கும் முன் சிப்பைப் பாருங்கள். எம்1, எம்2 என்றால் வெளியே ஒன்றுதான், சாதாரண ஹப் எத்தனை மாட்டினாலும் அதே கதைதான். இரண்டு வேண்டுமென்றால் டிரைவர் போட்டு ஓடும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் வாங்க வேண்டிவரும். எம்3-யில் மூடியைச் சாத்தினால் இரண்டு ஓடும், எம்4-இல் அந்தத் தொல்லையும் இல்லை.

எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு ஓட்டை டிஸ்ப்ளேபோர்ட். அதிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் மலிவு கேபிள் ஒருவழிப் பாதை. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று திருப்பி மாட்டினால் வேலை செய்யாது, அதற்குத் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும்.

டெஸ்க்டாப்காரர்கள் கடைக்குக் கிளம்பும் முன் பின்பக்கம் ஒருமுறை பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தும் மேலே மதர்போர்டு ஓட்டையில் கேபிளைச் சொருகிவிட்டு, ஆட்டோ பிடித்து சிபியுவைத் தூக்கி வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கேபிளைக் கீழே மாற்றிச் சொருகிக் கொடுப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை, ஆட்டோக்காரர் வாங்கிவிடுவார்.