96 கிலோஹெர்ட்ஸ் கோப்பும் உச்சி வெட்டுப்பட்ட ஸ்நேரும்

மிக்ஸிங்குக்காக என்னிடம் வரும் வீட்டு டிரம்ஸ் ரெக்கார்டிங்குகள் இப்போதெல்லாம் பெரும்பாலும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கின்றன. ஒரு டிராக்குக்கே நிமிடத்துக்கு 17 எம்பிக்கு மேல் ஆகிறது, எட்டு மைக் வைத்தால் கிட்டத்தட்ட 140 எம்பி. ராத்திரி முழுக்க அப்லோட் செய்து அனுப்புகிறார்கள். திறந்து பெரிதாக்கிப் பார்த்தால், ஸ்நேர் (டிரம்ஸ் செட்டில் 'டக்' என்று ஒலிக்கும் டிரம்) டிராக்கில் ஒவ்வொரு அடியின் உச்சியும் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருக்கும். மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் வாசித்தவர் பெரும்பாலும் நன்றாக வாசித்திருப்பார்.

சமீபத்தில் வந்த ஒன்றில் உச்சிகள் எல்லாம் மைனஸ் 6 டெசிபலிலேயே (டிஜிட்டலில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு), ஒரே கோட்டில் நின்றன. அனுப்பிய தம்பியிடம் கிளிப் ஆகியிருக்கிறது, அதாவது அளவு மீறி உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். "இல்லண்ணா, மீட்டர்ல சிவப்பே வரலையே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். மைக்குகளை ஒரு சின்ன மிக்ஸரில் செருகி, அதன் சேனல் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் திருகு) ஏகத்துக்குத் திருப்பிவிட்டு, சத்தம் அதிகமாகிறதே என்று மாஸ்டர் ஃபேடரை இறக்கி, அங்கிருந்து இன்டர்ஃபேஸுக்கு (ஒலியை டிஜிட்டலாக்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும் பெட்டி) கொடுத்திருக்கிறார். ஒலி சேனலிலேயே வெட்டுப்பட்டுவிட்டது. அப்புறம் அதைச் சின்னதாக்கி அனுப்பினால் கம்ப்யூட்டர் மீட்டருக்கு எப்படித் தெரியும்? வெட்டுப்பட்ட அலையைத்தான் 96 கிலோஹெர்ட்ஸில் துல்லியமாகப் பதிந்து வைத்திருக்கிறது.

இந்த எண்கள் என்ன செய்கின்றன என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை பதியலாம் என்பதைச் சாம்பிள் ரேட் தீர்மானிக்கிறது. 96 என்றால் 48 கிலோஹெர்ட்ஸ் வரை. எவ்வளவு சன்னமான ஒலி வரை கீழே இறங்கலாம் என்பதைப் பிட் தீர்மானிக்கிறது, ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். இரண்டுமே மேலே உள்ள கூரையை ஓர் அங்குலம்கூட உயர்த்துவதில்லை. 16 பிட்டிலும் 24 பிட்டிலும் கூரை அதே பூஜ்யம்தான், ஆழம்தான் கூடியிருக்கிறது.

அதனால் 24 பிட்டில் பதிகிறவர் லெவலைத் தாராளமாகக் குறைத்து வைக்கலாம். 16 பிட் காலத்துப் பயம், லெவல் குறைந்தால் இரைச்சல் ஏறிவிடும் என்பது, இன்னும் பலர் மனதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடுகிற வீட்டு அறையின் இரைச்சல் ஏறக்குறைய 40 டெசிபல். ஸ்நேருக்குப் பக்கத்தில் வைத்த மைக்கில் அடி விழும் அந்த நொடி 130 டெசிபலை எளிதில் எட்டும். இடையில் இருப்பது 90. இன்றைய சாதாரண இன்டர்ஃபேஸ்களே தங்கள் சொந்த இரைச்சலுக்கும் கூரைக்கும் நடுவே நிஜத்தில் 110 டெசிபலை ஒட்டிய இடைவெளியைத் தருகின்றன. ஆக, உச்சியில் 15 டெசிபல் இடம் விட்டாலும் உங்கள் அறை இரைச்சல்தான் கருவியின் இரைச்சலை மூடி நிற்கும், நீங்கள் எதையும் இழப்பதில்லை.

நான் சொல்வது இதுதான்: பாட்டிலேயே மிக பலமாக அடிக்கும் இடத்தை வாசித்து, அதன் உச்சி மைனஸ் 12 அளவில் நிற்கும்படி கெயின் வையுங்கள். சவுண்ட் செக்கில் அடிக்கும் அடியை நம்பவே நம்பாதீர்கள். ரெட் பட்டன் அழுத்தி, காதில் பாட்டு ஓட ஆரம்பித்ததும் கை தானாகக் கனக்கும், 3 முதல் 6 டெசிபல் ஏறுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முள் ஆடுகிற பழைய வியூ மீட்டரை நம்பினாலும் ஏமாற்றம்தான், அது நிதானமாக 300 மில்லிசெகண்டில் எழும்பும். ஸ்நேரின் முதல் அடி அதற்குள் வந்து முடிந்தே போயிருக்கும். பீக் மீட்டரைப் பாருங்கள்.

கெயினை இறக்கியும் கரகரப்பு அப்படியே இருந்தால் ப்ரீஆம்ப்பை (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி) குறை சொல்லாதீர்கள், மைக்கே திணறுகிறது. டைனமிக் மைக்கில் இது அபூர்வம், கண்டென்ஸரில் நடக்கும். மைக்கில் ஒலியைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் தள்ளி வையுங்கள். இன்டர்ஃபேஸில் உள்ள பேட் இதற்கு உதவாது, ஏனென்றால் அது மைக்குக்குப் பின்னால் இருக்கிறது. லெவல் எகிறினாலும் பிறகு இறக்கி மீட்கக்கூடிய 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் கவலையில்லை என்கிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் மைக்குக்குள் வெட்டுப்பட்டதை அதாலும் மீட்க முடியாது.

பறையும் தவிலும் பதிகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தீயில் காய்ச்சிய பறைத்தோலில் சிண்டுக்குச்சி விழுகிற அடியும், தவிலின் வலந்தலையில் விரல் கூடு விழுகிற அடியும் ஊசி மாதிரி எழும்பி உடனே அடங்கும், காதுக்கு அவ்வளவு சத்தமாகத் தெரியாமலேயே மீட்டரைத் தொட்டுவிடும். போனில் பதிந்தால் அது தானாக லெவலை அமுக்கி, அடிக்கு அடி ஒலி மூச்சுவிடுவது போலாகிவிடும்.

டிரம்ஸில் லேசான கிளிப் தனியாகக் கேட்டால் தெரியாது என்பது உண்மை. சிலர் மிக்ஸில் வேண்டுமென்றே கிளிப் செய்கிறார்கள், நானும் செய்வதுண்டு, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். பதிவிலேயே வெட்டுப்பட்டதை எடுக்க முடியாது. பலமான ஒலியை அமுக்கும் கம்ப்ரஸர் போட்டு, 5 கிலோஹெர்ட்ஸை கொஞ்சம் ஏற்றினால், ஒளிந்திருந்த கரகரப்பு முன்னால் வந்து நிற்கும். டீகிளிப் மென்பொருள்கள் போன உச்சியை ஊகித்து வரைகின்றன. நாலைந்து அடிக்குச் சரி, நாலு நிமிடப் பாட்டுக்குப் போதாது.

அந்தத் தம்பி மிக்ஸரைக் கழற்றிவிட்டு நேராக இன்டர்ஃபேஸில் செருகி மறுபடி வாசித்து அனுப்பினார். "அலை ரொம்பச் சின்னதா தெரியுதேண்ணா" என்று சந்தேகம். உச்சி மைனஸ் 14. நான் 8 டெசிபல் ஏற்றினேன், முதல் கோப்பில் இல்லாத ஸ்நேரின் அந்த முதல் 'டக்' அப்படியே இருந்தது. இப்போது யார் பதியப் போவதாகச் சொன்னாலும், முழுப் பாட்டுக்கு முன்னால் பலமான பகுதியை மட்டும் 30 நொடி பதிந்து அனுப்பச் சொல்கிறேன். சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸே போதும்.