மனநல சிகிச்சையும் மாத உதவித்தொகையும்: ஏழைக் குடும்பம் எங்கே போய்க் கேட்பது?

மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் மன்ரோவியா நகரில் திருட்டு, அடிதடி என்று திரிந்த 999 ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு எட்டு வார மனநலப் பயிற்சி, சிலருக்கு 200 டாலர், சிலருக்கு இரண்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களிடம்தான் மாற்றம் உறுதியாக நின்றிருந்தது.

தமிழ்நாட்டில் இரண்டையும் சேர்த்துத் தரும் ஒரே திட்டம் என்று எதுவும் இல்லை. சிகிச்சை ஒரு துறையிடம், பணம் இன்னொரு துறையிடம்.

சிகிச்சை வாங்குவது சுலபம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அரசு மனநல மையங்களில் எல்லாம் இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும் சரி. அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416.

பணம்தான் பாடு. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று வேண்டும். வறுமை நிலையையும் பார்ப்பார்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்குக்கும், நோய் இருக்கும் காலத்துக்கும் டாக்டர்கள் மதிப்பெண் போடுவார்கள்; சிரமம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். மொத்தம் 20, அதில் 7 வந்தால்தான் 40 சதவீதம். அன்றைக்குப் பார்த்துக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிடுபவர்கள் நிறையப் பேர். அதனால் கூடவே இருந்து பார்ப்பவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, சாப்பிட யார் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை அவர்தான் சொல்வார். பழைய ஓ.பி. சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வந்தபின் இ-சேவை மையத்தில் விண்ணப்பம். அது தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். தொகை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது.

பெரிய ஓட்டை எங்கே என்றால், கடன் தொல்லையால் மனச்சோர்வில் விழுந்தவர் பெரும்பாலும் அந்த 7-ஐத் தொடமாட்டார். அவருக்கு மாத்திரையும் ஆலோசனையும் கிடைக்கும், பணம் கிடைக்காது. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது ஆலோசனை எவ்வளவு தூரம் உள்ளே இறங்கும்? கொஞ்சம் பணமும் சேர்ந்தால் தேறிவிடக்கூடியவர் அவர்தான். நோய் முற்றிய பிறகுதான் பணம் என்பது என் கணக்கில் தலைகீழ்.

அப்புறம், சான்றில் முடிவுத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மறுமதிப்பீட்டுக்குப் போய்விடுங்கள்.